எதற்காக அழுதார்கள்: ‘ஐஸ் காசில்ஸ்’ படமும் அதைப் பார்த்தவர்களும்

‘ஐஸ் காசில்ஸ்’ படத்தைப் பார்த்தவர்களுக்குக் கதை பாதி மறந்துபோயிருக்கும். கடைசிக் காட்சி மறந்திருக்காது. ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டி. லெக்ஸி என்ற இளம்பெண் ஆடி முடிக்கிறாள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டுகிறது. அந்த விளையாட்டின் வழக்கப்படி பனித்தளத்தின் மேல் பூக்களை வீசுகிறார்கள். அந்தப் பூக்களில் தடுக்கி லெக்ஸி விழுகிறாள். ஆரவாரம் அடங்குகிறது. இவ்வளவு நேரம் தாங்கள் கண்கொட்டாமல் பார்த்த பெண்ணுக்குக் கண் தெரியாது என்பது அப்போதுதான் கூட்டத்துக்கு உறைக்கிறது. காதலன் நிக் தளத்துக்குள் இறங்கி அவளிடம் வருகிறான்.

1978ஆம் ஆண்டுப் படம் இது. நல்ல படமா, மோசமான படமா என்ற வழக்கமான சண்டை இதன் விஷயத்தில் சுவையற்றது. அழுகாச்சிப் படம் என்பதை இதன் ரசிகர்களே தயங்காமல் ஒப்புக்கொள்வார்கள். சுவையான சண்டை வேறொன்று. லெக்ஸி ஜெயித்தது எதில்? கண் தெரியாமல் ஆடியதிலா, கண் தெரியாது என்பதை யாரும் கண்டுபிடிக்காதபடி ஆடியதிலா? இந்தப் படத்தைப் பற்றி வந்திருக்கும் கருத்துகளையெல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தால், ஒவ்வொருவரும் இந்தக் கேள்விக்கு ஏதோ ஒரு பதிலை, தாங்கள் சொல்கிறோம் என்று தெரியாமலே, சொல்லியிருப்பது தெரியும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வேவர்லி என்ற சிற்றூர். தாயில்லாப் பெண் லெக்ஸி. பொத்திப் பொத்தி வளர்க்கும் தகப்பன் மார்க்கஸ். ஒரு காலத்தில் தானும் ஸ்கேட்டராக இருந்து இப்போது உள்ளூரில் லெக்ஸிக்குக் கற்றுத்தரும் பியூலா. ஐஸ் ஹாக்கியில் பெரிய ஆளாக வரும் கனவோடு திரியும் காதலன் நிக். வெளியூர்ப் பயிற்சியாளர் ஒருத்தி லெக்ஸியைக் கண்டெடுத்து கொலராடோவுக்கு அழைத்துப்போகிறாள். புகழ், தொலைக்காட்சி, தன்னைவிட வயதில் மூத்த விளையாட்டு நிருபரோடு நெருக்கம், காதலனோடு பிணக்கு. ஒரு விருந்து இரவில் திறந்தவெளித் தளத்தில் தனியாக ஆடும்போது, ஓரத்தில் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த மேசை நாற்காலிகளின் மேல் போய் விழுகிறாள். தலையில் அடி, ரத்தக் கட்டு, பார்வை போகிறது. வெளிச்சமும் கலங்கலான உருவங்களும் மட்டும் மிச்சம். ஊருக்குத் திரும்பி வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பவளைத் தகப்பன், பியூலா, நிக் மூவரும் மறுபடி பனித்தளத்துக்கு இழுத்து வருகிறார்கள். பிறகு அந்தப் போட்டி.

டொனால்ட் ரை இயக்கினார். வெளிவந்த காலத்தைக் கவனித்தால் படம் எதெல்லாம் சேர்ந்து உருவானது என்பது விளங்கும். 1970இல் ‘லவ் ஸ்டோரி’ உலகம் முழுக்க கண்ணீரைக் காசாக்கிக் காட்டியது. 1976இல் ‘ராக்கி’ சாதாரண ஊர்க்காரன் ஒருவனை மேடையேற்றி ஆஸ்கரை வாங்கியது. அதே 1976இல் இன்ஸ்ப்ரூக் குளிர்கால ஒலிம்பிக்கில் டோரதி ஹாமில் தங்கம் வென்று, அவருடைய தலைமுடி வெட்டைக்கூட அமெரிக்கப் பெண்கள் நகலெடுக்கும் அளவுக்கு ஃபிகர் ஸ்கேட்டிங் மோகத்தைக் கிளப்பினார். மூன்றையும் ஒரு பாத்திரத்தில் போட்டுக் கிண்டினால் என்ன வரும் என்று தயாரிப்பாளர்கள் கணக்குப் போட்டிருப்பார்கள் என்று விமர்சகர்கள் கிண்டலடித்ததில் நியாயம் உண்டு. ஆனால் கணக்குப் போட்டு எடுத்த படங்கள் எத்தனையோ வந்து போயிருக்கின்றன. இது மட்டும் ஏன் நின்றது?

அழுதவர்களிடமிருந்து தொடங்குவோம். பெரும்பாலும் அன்றைக்குப் பத்து முதல் பதினாறு வயதுக்குள் இருந்த பெண்கள். அவர்கள் பேசும்போது முதலில் வருவது காதலோ கண்ணோ அல்ல, பாட்டு. மார்வின் ஹாம்லிஷ் இசையமைத்து, கேரல் பேயர் சேகர் எழுதி, மெலிஸா மான்செஸ்டர் பாடிய ‘த்ரூ தி ஐஸ் ஆஃப் லவ்’. 1974இல் ஒரே இரவில் மூன்று ஆஸ்கர் வாங்கியவர் ஹாம்லிஷ். எந்த இடத்தில் சுரத்தைத் தூக்கினால் தொண்டை அடைக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. இந்தப் பாட்டும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டு ‘நார்மா ரே’ படப் பாட்டிடம் தோற்றது. அதே வரிசையில் தோற்ற இன்னொன்று, தவளை பொம்மை கெர்மிட் பாடும் ‘ரெயின்போ கனெக்‌ஷன்’. பரிசு வாங்கிய பாட்டைவிடத் தோற்ற இரண்டையும்தான் இன்றைக்கு அதிகம் பேர் முணுமுணுக்கிறார்கள் என்று நினைக்கிறேன். படத்தையே பார்க்காதவர்களும் இந்தப் பாட்டைக் கல்யாண வீடுகளில் கேட்டு, அதன் வழியாகப் படத்துக்கு வந்தார்கள்.

பாட்டுக்கு அடுத்து அவர்கள் சொல்வது, அந்தப் பெண் நிஜமாகவே ஆடுகிறாள் என்பது. படத்தின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. லெக்ஸியாக நடித்த லின்-ஹாலி ஜான்சன் 1974 அமெரிக்கத் தேசியப் போட்டியில் தொடக்கநிலைப் பிரிவில் வெள்ளி வென்றவர். நடிப்புக்கு இதுதான் முதல் பெரிய வாய்ப்பு. விளையாட்டுப் படங்களில் நாம் பழகிப்போன ஒரு தந்திரம் உண்டு: முகத்தை நெருக்கத்தில் காட்டு, காலை மட்டும் தனியாகக் காட்டு, தூரக்காட்சியில் வேறொருவரை ஆடவிடு. இங்கே அந்த ஒட்டுவேலைக்குத் தேவையே இல்லை. முகமும் காலும் ஒரே ஆளுடையவை என்பதைப் பார்ப்பவரின் உடம்பு அறிந்துகொள்கிறது. வசனம் பேசும்போது தடுமாறும் அந்தப் புதுமுகம் பனியில் இறங்கியதும் வேறு ஆளாகிவிடுகிறது. விபத்துக்குப் பிறகான காட்சிகளில் இது இரட்டிப்பாகப் பலிக்கிறது. கண் போனாலும் உடம்பு மறக்கவில்லை என்று வசனம் வைத்துச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. அந்த வருடம் கோல்டன் குளோப் புதுமுகப் பரிந்துரை அவருக்குக் கிடைத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஹாலிவுட் அவருக்குத் தந்த பெயர்சொல்லும் வேடம் 1981 ஜேம்ஸ் பாண்ட் படத்தில் மறுபடியும் ஸ்கேட்டர்தான் என்பதைப் பார்த்தால், அவரிடம் அவர்கள் எதைக் கண்டார்கள், எதைக் காணவில்லை என்பது தெரிகிறது.

கேலி செய்தவர்களின் பட்டியல் நீளம். அதில் பெரும்பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம். சம்பவங்கள் வலிந்து வைக்கப்பட்டவை, நிக்காக வரும் ராபி பென்சன் எல்லா வசனத்தையும் குழைந்து குழைந்து பேசுகிறார், கொலராடோப் பயிற்சியாளர் பணக்கார வில்லியின் சாயலில் வருகிறார், பெருநகரம் கெட்டது கிராமம் நல்லது என்ற பழைய பாடம். எல்லாம் சரி. இவர்களுக்கும் வாய் அடைக்கும் ஒரு இடம் உண்டு: பியூலாவாக வரும் காலீன் டூஹர்ஸ்ட். நாடக மேடையில் பெயர் பெற்ற அந்த நடிகை, எழுதப்பட்டதைவிடப் பெரிய ஆளை அந்தப் பாத்திரத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். சின்ன ஊரில் தங்கிப்போன ஒரு திறமைசாலிக்கு, தன்னிடம் கற்றவள் தன்னைத் தாண்டிப் போகும்போது வரும் பெருமையும் எரிச்சலும் அவர் முகத்தில் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. படம் அவரைப் பற்றியதாக இருந்திருந்தால் விமர்சகர்கள் இவ்வளவு கிண்டலடித்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் படத்தைப் பன்னிரண்டு வயதுப் பெண்கள் பார்த்திருக்கவும் மாட்டார்கள்.

இன்றைய பார்வையாளர்கள் எழுப்பும் புதிய ஆட்சேபணை ஒன்று உண்டு. லெக்ஸிக்கு வயது பதினாறு. அந்தத் தொலைக்காட்சி நிருபர் வளர்ந்த ஆண். 1978இல் யாரும் பெரிதாகப் பேசாத அந்த உறவு இன்றைக்குப் பார்ப்பவர்களை நெளியவைக்கிறது. படம் அதைத் தவறு என்று காட்டுவது, நிக்குக்கு அது துரோகம் என்பதால்தான். பெண்ணின் வயது ஒரு பொருட்டாகவே வருவதில்லை.

ஸ்கேட்டிங் தெரிந்தவர்கள் சொல்வது தனி ரகம். அவர்களிடம் நான் கேட்டறிந்த, படித்தறிந்த விஷயங்கள் படத்தைவிடச் சுவாரசியமானவை. கண் தெரியாமல் தாவிச் சுழல முடியுமா என்பதுதான் மற்றவர்களுக்கு எழும் முதல் சந்தேகம். அவர்களுக்கு அது பெரிய விஷயமே இல்லை. வேகமாகச் சுழலும்போது கண் திறந்திருந்தாலும் ஒன்றும் தெரியாது. உலகமே ஒரு கோடாக ஓடும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பையும், தசைகளின் ஞாபகத்தையும் நம்பித்தான் ஆடுவார்கள். எல்லாத் தாவல்களும் பின்னோக்கி இறங்குபவை. எங்கே போய் நிற்கப் போகிறோம் என்பதைப் பார்த்துக்கொண்டு யாரும் இறங்குவதில்லை. ஆக, படம் நம்ப முடியாத அதிசயமாகக் காட்டும் பகுதிதான் ஓரளவு நம்பக்கூடியது.

நம்ப முடியாதது மற்றதெல்லாம். சர்வதேச அளவுத் தளம் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதைச் சுற்றி இடுப்பளவுப் பலகைச் சுவர். வேகமெடுத்து வரும்போது அந்தச் சுவர் எங்கே என்று தெரியாவிட்டால் உயிருக்கே ஆபத்து. தளத்தில் முந்தைய ஆட்டக்காரர்கள் குத்திவிட்டுப் போன பள்ளங்கள் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, போட்டிக்கு முன்பு ஐந்தாறு பேர் ஒன்றாகத் தளத்தில் இறங்கிச் சில நிமிடங்கள் உடம்பைச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். ஒருவர் மேல் ஒருவர் மோதாமல் கண்ணாலேயே வழிவிட்டு ஆடும் நேரம் அது. அந்தக் கூட்டத்தில் ஒருத்திக்குக் கண் தெரியவில்லை என்பதை யாரிடமிருந்தும் மறைக்க முடியாது.

அதைவிடப் பெரிய ஓட்டை, அந்தக் காலத்துப் போட்டி விதியிலேயே இருந்தது. இசையோடு ஆடுவது போட்டியின் ஒரு பகுதிதான். ஒற்றைக் காலில் எட்டு வடிவ வட்டங்களை வரைந்து, போட்ட கோட்டின் மேலேயே மறுபடியும் மறுபடியும் பிசகாமல் போக வேண்டிய ‘கட்டாய உருவங்கள்’ இன்னொரு பகுதி. நடுவர்கள் பனியில் இறங்கி, குனிந்து, அந்தக் கோடுகளைச் சோதித்து மதிப்பெண் போடுவார்கள். 1976 முதல் மொத்த மதிப்பில் அதற்கு 30 சதவீதம் இருந்தது. 1990க்குப் பிறகுதான் சர்வதேசப் போட்டிகளிலிருந்து அதை எடுத்தார்கள். மயிரிழைக் கோட்டைக் கண்ணால் பின்தொடர வேண்டிய அந்த வேலையை லெக்ஸி எப்படிச் செய்தாள் என்ற கேள்விக்கு அந்த உணர்ச்சிமயமான கடைசிக் காட்சியில் இடமில்லை.

இவர்கள் வெறும் தவறு கண்டுபிடிப்பவர்கள் அல்ல. பலருக்குப் படம் பிடித்திருக்கிறது. ஆனால் தங்கள் விளையாட்டின் சொந்த வரலாற்றிலேயே இதைவிட நல்ல கதைகள் இருக்கும்போது ஏன் இப்படி ஒரு கட்டுக்கதை என்று கேட்கிறார்கள். 1956 கார்ட்டினா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற டென்லி ஆல்ப்ரைட் சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து மீண்டவர். பிறகு அறுவைச் சிகிச்சை மருத்துவரானார். எலைன் ஸாயக் கதை இன்னும் விசேஷம். இரண்டு வயதில் புல்வெட்டும் இயந்திரத்தில் சிக்கி இடது பாதத்தின் ஒரு பகுதியை இழந்தவர். நடை சீராவதற்குச் சிகிச்சையாகத்தான் ஸ்கேட்டிங்கில் சேர்த்தார்கள். 1982இல் உலகச் சாம்பியன். மும்முறைச் சுழல் தாவல்களை அவர் ஒரே ஆட்டத்தில் திரும்பத் திரும்பப் போட்டுக் குவித்ததைப் பார்த்துத்தான், ஒரே தாவலை அப்படி அடுக்கக் கூடாது என்று விதியே கொண்டுவந்தார்கள். அவருடைய பெயராலேயே அந்த விதியை அழைத்தார்கள். விளையாட்டு உலகம் அவருக்குப் பரிதாபம் காட்டவில்லை, தடை போட்டது. எனக்குத் தெரிந்து ஒரு விளையாட்டு வீராங்கனைக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. இப்படி ஒரு காட்சியை எந்த உணர்ச்சிப் படமும் எழுதத் துணியாது, ஏனென்றால் அங்கே பார்வையாளர் அழ முடியாது.

இனி மாற்றுத்திறனாளிகளின் கருத்து. இந்தப் படத்தை மட்டும் குறிவைத்து வந்தது என்பதைவிட, இந்த வகைப் படங்கள் அனைத்தையும் சேர்த்து வந்த விமர்சனம் அது. அமெரிக்க வரலாற்றாளர் பால் லாங்மோர் 1985இல் எழுதிய ஒரு கட்டுரை இதில் முக்கியமானது, அவரும் மாற்றுத்திறனாளி. திரையிலும் தொலைக்காட்சியிலும் இந்தக் கதைகள் ஒரே அச்சில் வருகின்றன என்றார். உடம்புக் குறை உள்ளவர் தன்னிரக்கத்தில் மூழ்கிக் கிடப்பார். குறை இல்லாத ஒருவர் வந்து, தட்டி எழுப்பி, நாலு வார்த்தை உறைக்கப் பேசி, மனத்தை மாற்றுவார். உடனே எல்லாம் சரியாகும். பிரச்சினை முழுவதும் அந்த ஆளின் மனசுக்குள் இருக்கிறது. படிக்கட்டிலும் பேருந்திலும் வேலை தராத முதலாளியிடமும் இருக்கும் பிரச்சினை கண்ணில் படாது.

லாங்மோர் சொன்னதைப் படித்துவிட்டு, வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் லெக்ஸியிடம் பியூலா கத்தும் காட்சியை மறுபடி பார்த்தால், இந்த அச்சுக்கு வரைந்த மாதிரிப்படம் போலவே இருக்கிறது. திரையரங்கில் அந்த இடத்தில் பெருமூச்சு விட்டவர்கள் ஒரு பக்கம். அந்த இடத்தில்தான் எரிச்சல் வந்தது என்பவர்கள் இன்னொரு பக்கம். பார்வை போய்ச் சில மாதங்கள்கூட ஆகாத பெண்ணுக்கு யாரும் வெண்கோல் பிடிக்கக் கற்றுத்தருவதாகவோ, பிரெயில் கற்றுத்தருவதாகவோ படத்தில் எதுவும் நம் மனத்தில் பதிவதில்லை. நேராகப் பனித்தளம்தான். கடைக்குப் போகத் தெரியாதவள் மண்டலப் போட்டிக்குப் போகிறாள்.

படம் எடுத்த நாட்களின் செய்தித்தாள்களையாவது அவர்கள் புரட்டியிருக்கலாம். 1977 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவில் மத்திய அரசுக் கட்டடத்துக்குள் மாற்றுத்திறனாளிகள் மூன்று வாரங்களுக்கு மேல் வெளியேறாமல் உட்கார்ந்து போராடினார்கள். 1973 மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவுக்கு விதிகள் எழுதிக் கையெழுத்திடும்வரை விடவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஸ்வீடனின் ஒர்ன்ஷோல்ட்ஸ்விக் நகரில் முதல் குளிர்காலப் பாராலிம்பிக் நடந்தது. பார்வையற்றவர்கள் நெடுந்தூரப் பனிச்சறுக்கில் போட்டியிட்டார்கள். யாரும் எதையும் ஒளித்துவைக்கவில்லை. கண் தெரியாதவர் பனியில் எப்படிப் போட்டியிடுவார் என்ற கேள்விக்கு உலகம் ஒரு பதில் கண்டுபிடித்த பிறகு எடுத்த படம் இது. அந்தப் பதில் எவர் காதிலும் விழவில்லை.

ஸ்டெல்லா யங் என்ற ஆஸ்திரேலிய நகைச்சுவைக் கலைஞர், சக்கர நாற்காலியில் இயங்கியவர், இந்த மனப்பான்மைக்கு 2012இல் ஒரு காரமான பெயர் கொடுத்தார். 2014இல் சிட்னியில் ஒரு மேடையில் அதை விளக்கிப் பேசியது உலகம் முழுக்கப் பரவியது. ஆபாசப் படம் உடம்பைப் பண்டமாக்குவது போல இந்த ஊக்கக் கதைகள் எங்கள் வாழ்க்கையைப் பண்டமாக்குகின்றன, உங்கள் கவலை பெரிதில்லை என்று நீங்கள் ஆறுதல் அடைவதற்காக எங்களைக் காட்டுகிறீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். ‘ஐஸ் காசில்ஸ்’ பார்த்து அழுதவர்கள் பலருக்கு இது தங்களைத் திட்டுவது போல இருக்கும். அவர்களுடைய மறுப்பிலும் ஒரு உண்மை உண்டு: பன்னிரண்டு வயதில் நாங்கள் அவளைப் பார்த்துப் பரிதாபப்படவில்லை, அவளாக இருக்க ஆசைப்பட்டோம் என்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு வீட்டுத் தரையில் காலுறையோடு வழுக்கிப் பார்த்தவர்களாம். இதை நான் ஏளனம் செய்ய மாட்டேன். பரிதாபத்துக்கும் ஆசைக்கும் தூரம் அதிகம்.

என் சொந்தத் தீர்ப்பு இரண்டு தரப்புக்கும் நடுவில் எங்கோ இல்லை. கடைசிக் காட்சியை இரண்டு தரப்புமே தவறாகப் படிக்கிறது என்பேன். ரசிகர்கள் அதை வெற்றிக்குப் பின் வந்த சின்ன வேதனையாகப் பார்க்கிறார்கள். எதிர்ப்பாளர்கள் அதைக் கண்ணீர் பிழிவதற்கான கடைசித் திருகாகப் பார்க்கிறார்கள். அதுவரை நடந்தது என்ன? மூன்று பேர் சேர்ந்து ஒரு பெண்ணைப் பார்வையுள்ளவளாக நடமாடப் பழக்கினார்கள். எத்தனை எட்டில் திரும்புவது, எங்கே நின்று வணங்குவது எல்லாம் ஒத்திகை. அந்த ஒத்திகையில் இல்லாதது கூட்டத்தின் அன்பு. ரசிகர்கள் எறிந்த பூதான் அவளை வீழ்த்துகிறது, மேசை நாற்காலிக்கு அடுத்தபடியாக. அதாவது, மறைத்து ஜெயிக்கும் திட்டத்தைப் படமே தோற்கடித்துக் காட்டுகிறது. இயக்குநருக்கு அது தெரிந்திருந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான். தெரிந்திருந்தால் படத்தை அங்கேயே நிறுத்தியிருக்க மாட்டார். உண்மை வெளியான பின்தான் லெக்ஸியின் கதை தொடங்குகிறது. அடுத்த போட்டியில் அவள் பெயரைச் சேர்ப்பார்களா? நடுவர்கள் என்ன செய்வார்கள்? திங்கட்கிழமை காலையில் அவள் பள்ளிக்கூடம் போவாளா?

காதல் பற்றிய கருத்துகளும் இதே இடத்தில் வந்து முட்டுகின்றன. நிக் அவளைக் கைதூக்கி விடுவது காதலா, பராமரிப்பா? முன்பு தன்னைவிட்டுப் பறந்தவள் இப்போது தன் கையைப் பிடிக்காமல் நடக்க முடியாது என்பதில் அவனுக்கு ஒரு ஆறுதல் இல்லையா? இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், அதுவும் முப்பது வயதுக்குப் பிறகு படத்தை மறுபடி பார்த்தவர்கள். கூர்மையான கேள்வி. இதே காலத்து வேறு இரண்டு படங்களோடு வைத்துப் பார்த்தால் இன்னும் கூர்மையாகும். 1975இல் வந்த ‘தி அதர் சைட் ஆஃப் தி மவுண்டன்’, ஜில் கின்மான்ட் என்ற பனிச்சறுக்கு வீராங்கனையின் உண்மைக் கதை. 1955இல் ஒலிம்பிக் வாசலில் நின்றபோது யூட்டாவில் போட்டியில் விழுந்து தோளுக்குக் கீழே உணர்விழந்தார். அவரைக் காதலித்த டிக் பியூக் விமான விபத்தில் இறந்தார். கின்மான்ட் மறுபடி பனிச்சறுக்கவில்லை; ஆசிரியையானார். அதுவும் கைக்குட்டை நனைக்கும் படம்தான். ஆனால் வெற்றி என்பது பழைய இடத்துக்குத் திரும்புவது என்று அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. வாழ்ந்த ஆள் ஒருவர் இருந்தாரே. 1978இலேயே வந்த ‘கமிங் ஹோம்’, வியட்நாம் போரில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவனுக்கும் மணமான ஒரு பெண்ணுக்கும் இடையிலான காதல். அங்கே ஆணுக்குக் கோபமும் ஆசையும் அரசியலும் இருந்தன. ஜான் வாய்ட்டும் ஜேன் ஃபோண்டாவும் ஆஸ்கர் வாங்கினார்கள். உடம்பு பாதிக்கப்பட்ட ஆணுக்குக் கருத்து இருக்கலாம், பெண்ணுக்குத் தைரியம் மட்டும் இருந்தால் போதும் என்று அந்த வருடத்து ஹாலிவுட் முடிவு செய்திருந்தது போலிருக்கிறது.

இந்தியப் படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த அச்சு புதிதல்ல. 2005இன் ‘இக்பால்’ படத்தில் காது கேளாத, வாய் பேசாத பந்துவீச்சாளன். 2023இன் ‘கூமர்’ படத்தில் வலது கையை இழந்து இடது கைச் சுழற்பந்து வீச்சாளராகும் பெண். இரண்டிலும் குடிகாரப் பயிற்சியாளர். உணர்ச்சிப் படங்களில் குறைபாடு உள்ளவருக்கு இணையாகக் கெட்டுப்போன ஒரு குருவும் மீட்கப்பட வேண்டும் என்பது எழுதப்படாத விதி. பியூலா குடிக்கவில்லையே தவிர, அவளும் அந்த வரிசைதான். ‘கூமர்’ படத்துக்குத் தூண்டுதலாகச் சொல்லப்பட்ட ஹங்கேரியத் துப்பாக்கி சுடும் வீரர் கரோலி தகாச், 1938இல் கையெறி குண்டு வெடித்து வலது கையை இழந்தபின் இடது கையால் பழகி 1948, 1952 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்றவர்.

விளையாட்டு அல்ல என்றாலும் நம்மவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது சுதா சந்திரன்தான். 1981இல் திருச்சி அருகே பேருந்து விபத்து, காலை எடுத்தார்கள், ஜெய்ப்பூர் செயற்கைக் காலோடு மறுபடி மேடை. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் 1985இல் வந்த ‘மயூரி’ தெலுங்குப் படத்தில் அவரே தன் வேடத்தில் நடித்தார். அந்தப் படத்திலும் மிகைநாடகத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஆடும் கால் செயற்கைக் கால் என்பது பார்ப்பவருக்குத் தெரியும். ஆடுபவர் அதை ஒளிக்கவில்லை. லின்-ஹாலி ஜான்சன் தன் சொந்தக் காலால் படத்துக்கு எந்த நம்பகத்தைக் கொடுத்தாரோ அதையே சுதா சந்திரன் செயற்கைக் காலால் கொடுத்தார். 2011இன் ‘சோல் சர்ஃபர்’ படத்திலும் இதில் பாதி உண்டு. 2003இல் ஹவாயில் சுறா கடித்து இடது கையை இழந்த பெத்தனி ஹாமில்டனாக இரு கை உள்ள நடிகை நடித்தார். கையைக் கணினியில் அழித்தார்கள். ஆனால் விபத்துக்குப் பின்னான அலைச்சறுக்குக் காட்சிகளில் அலைமேல் நின்றது ஹாமில்டனே. படத்தைக் குறை சொன்னவர்களும் அந்த அலைகளைக் குறை சொல்லவில்லை.

டொனால்ட் ரை 2010இல் ‘ஐஸ் காசில்ஸ்’ படத்தைத் தானே மறுபடி எடுத்தார். இந்த முறை டெய்லர் ஃபிர்த் என்ற ஸ்கேட்டர் நாயகி. திரையரங்குக்குப் போகாமல் நேராக டிவிடிக்கு வந்தது. இடையில் முப்பது வருடங்கள். 1990இல் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்துவிட்டது. கட்டாய உருவங்கள் போய்விட்டதால் கதையின் பெரிய தொழில்நுட்ப ஓட்டை ஒன்று தானாகவே அடைபட்டுவிட்டது. பழைய படத்தைக் கேட்டு நின்றவர்களுக்குப் பழைய கதையையே கொடுத்தார் இயக்குநர். முதல் படத்தின் ரசிகைகள் புதிய நாயகியின் ஸ்கேட்டிங்கைப் பாராட்டிவிட்டு, டூஹர்ஸ்ட் இல்லாத குறையைச் சொன்னார்கள். அவர்களுடைய மகள்களின் வயதில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விதான் வேறு. பாராலிம்பிக்கைத் தொலைக்காட்சியில் பார்த்து, வழிகாட்டியோடு கயிறு கட்டி ஓடும் பார்வையற்ற ஓட்டக்காரர்களை அறிந்து வளர்ந்தவர்கள் அவர்கள். லெக்ஸி ஏன் முன்கூட்டியே நடுவர்களிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் யாராவது பூவை எறியாமல் கையில் கொடுத்திருப்பார்களே என்கிறார்கள்.